அங்கம்மை கேட்ட சாரம்

முன்னொரு காலத்திலே மாங்கானம் என்ற நாட்டை மகுடசேகரன் என்ற மன்னன் ஆண்டான். நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஆங்கிலம் பேச வேண்டுமென்று ஒருநாள் அவனுக்கு ஆசை பிறந்தது. கடல் கடந்து போய் வந்த வாகீசப் பண்டிதர் அதற்குத் தலைவரானார். அவர் கொண்டுவந்தது புத்தகங்களை அல்ல, பெயர்களை. புத்தகமே இல்லாவிட்டால் 'நூல்சாராக் கற்றல்'. ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியை என்றால் 'பல்நிலைக் கற்பித்தல்'. ஆங்கிலத்துக்கு நடுவே வாயில் தமிழ் வந்துவிட்டால் 'தாய்மொழிக் குறுக்கீடு'.

அப்படி ஓர் ஒற்றை ஆசிரியைதான் அங்கம்மை. அவள் பள்ளியின் கூரை இற்றுப்போய்ப் பிள்ளைகளின் தலைக்குமேல் தொங்கியது. மழைக்குமுன் ஏறிப் பிரித்து வேய்ந்தாக வேண்டும். "சாரம் கட்ட மூங்கில் தேவை" என்று பண்டிதருக்கு எழுதினாள். ஒரு வண்டி ஓலைச்சுவடி வந்தது: 'சாரம்: கற்போரைத் தாங்கிப்பிடிக்கும் கோட்பாடு.' மறுபடி எழுதினாள். மறுபடியும் ஒரு வண்டி. இரண்டையும் ஓட்டிக்கொண்டு அரசவைக்குப் போனாள்.

"சாரம் கொடுத்தாயிற்று அரசே," என்றார் பண்டிதர். "இந்த அம்மாளுக்குத்தான் விளங்கவில்லை. தாய்மொழிக் குறுக்கீடு!"

சபை சிரித்தது. அங்கம்மை அண்ணாந்து பார்த்தாள்.

மேலே உத்தரத்தில் மன்னனின் கிளி, கூண்டிலிருந்து தப்பி, "குட் மார்னிங், குட் மார்னிங்" என்று கத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அது யார் கைக்கும் எட்டவில்லை.

"விளங்கவில்லைதான் ஐயா," என்றாள் அவள். "தங்கள் சாரத்தில் தாங்களே ஏறி அந்தக் கிளியைப் பிடித்துக் காட்டுங்கள். பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்."

"அதானே! ஏறுமய்யா!" என்றான் மன்னன்.

சுவடிகளை அடுக்கி ஏறினார் பண்டிதர். ஆளுயரம் வந்ததும் அடுக்கு சரிந்தது.

"ஐயோ, அம்மா!"

"பார்த்து ஐயா," என்றாள் அங்கம்மை. "தாய்மொழி குறுக்கிடுகிறது."

மன்னன் தொடையைத் தட்டிச் சிரித்தான். பண்டிதரின் பொன்னாடையை உருவி அவளுக்குப் போர்த்தினான்.

"மூங்கில், அரசே?"

"அதற்கென்ன அம்மா? முறைப்படி எழுதிக் கேள், பார்க்கலாம்."

எழுதினாள். அதற்குள் மழை வந்து கூரை விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் அரசாணை வந்தது. கையெழுத்து பண்டிதருடையது, ஆடைதான் போயிருந்தது, ஆசனம் போகவில்லை. 'திறந்தவெளிக் கற்பித்தலை நாட்டிலேயே முதன்முதலில் தொடங்கிய அங்கம்மைக்குப் பாராட்டு. சாரம் இனித் தேவைப்படாது.'

அவள் அதை இரண்டுமுறை படித்தாள். தூறல் வலுத்தது. பொன்னாடையை விரித்து நான்கு மூலையையும் பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னாள். அதனடியில் ஏழு பிள்ளைகள் நின்றார்கள். மீதி முப்பது பேரும் நனைந்துகொண்டே அன்றைய பாடத்தைச் சொன்னார்கள்:

"இட் இஸ் ரெய்னிங்."