இடக்கை முடிச்சு

முன்னொரு காலத்தில், ரொம்ப ரொம்ப முன்னால், வேங்கைபுரி என்று ஒரு ராஜ்யம். ஊர் அழகுதான், தெருவெல்லாம் சந்து. கோட்டை வாசலில் ஒரு வண்டி நின்றால் சந்தை வரைக்கும் எல்லா வண்டியும் நிற்கும். எங்காவது தீப்பிடித்தால் தண்ணீர் வண்டி வந்து சேர்வதற்குள் கூரை சாம்பலாகிவிடும். அகலமான சாலை வேண்டும் என்று ராஜா ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. சாலை போட வந்தவனைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவன் பெயர் தண்டகன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பன்னீர்ச் செம்பு, முகத்தில் எந்நேரமும் சிரிப்பு. காரணமில்லாமல் சிரிப்பவனை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புதுச் சாலைக்குக் குறுக்கே பழைய கட்டடம் வந்தால், அளவுகாரர் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். பிறகு ஊரைக் கூட்டி மூன்று தரம் கேட்க வேண்டும்: "இதற்கு யாராவது உண்டா?" ஒரே ஒருவர் "உண்டு" என்றாலும் சாலை வளைந்து போக வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

அளவுகாரர் மருதையனும் அவர் மகள் செங்கமலமும் கயிறு பிடித்தார்கள். முதலில் வந்தது நூற்றுக்கால் மண்டபம். மருதையன் இடக்கைக்காரர். இடப்பக்கம் திரும்பிய முடிச்சு ஒன்று போட்டுவிட்டு, தூண்களை எண்ண உள்ளே போனார். தண்டகன் எல்லோர் மேலும் பன்னீர் தெளித்தான். "இதற்கு யாராவது உண்டா?" மூன்று தரம் கேட்டான். பன்னீர் பட்டதும் மண்டபமே யாருக்கும் நினைவில்லை. அது பொம்மையாகச் சுருங்கி அவன் பெட்டிக்குள் போயிற்று, மருதையனோடு. பெற்ற மகளுக்கே அப்பாவை மறந்துவிட்டது. நீங்களாவது மறக்காதீர்கள்.

அடுத்தது மணிக்கூண்டு. செங்கமலம் முடிச்சுப் போட்டாள். அவன் பன்னீர் தெளித்தான். மூன்று தரம் கேட்டான். அதுவும் பெட்டிக்குள்.

வீட்டில் சோறு போடும்போது செங்கமலத்துக்கு முதல் சந்தேகம் வந்தது. தனியாள் எனக்கு எதற்கு இரண்டு தட்டு? கயிற்றைச் சுருட்டும்போது இரண்டாவது. வழியில் எதையும் பார்த்த நினைவில்லை, கயிற்றில் மட்டும் ஏன் இரண்டு முடிச்சு? அதில் ஒன்று இடக்கை முடிச்சு, அவளோ வலக்கைக்காரி. மறுநாள் நெற்களஞ்சியத்தின் முன்னால் மூன்றாவது. ஊருக்கே பன்னீர் தெளிப்பவன் தன்மேல் ஒரு சொட்டும் படாமல் ஏன் ஒதுங்குகிறான்?

அவன் செம்பைத் தூக்குமுன் அவள் சொன்னாள்: "உண்டு. இதற்கும் உண்டு, முன்னால் போன இரண்டுக்கும் உண்டு."

"எந்த இரண்டு? பெயரைச் சொல்லு பார்ப்போம்" என்று சிரித்தான் தண்டகன்.

"பெயர் தெரியாது. ஆனால் இந்த முடிச்சு நான் போட்டதில்லை. போட்டவர் யாரோ எனக்கு இருந்திருக்கணும். அவருக்காகச் சொல்றேன்."

கூட்டத்தில் நின்ற ராஜா முன்னால் வந்து கயிற்றைத் தடவிப் பார்த்தார். "நேற்றிலிருந்து எனக்கும் நேரம் என்னவென்றே தெரியவில்லை. ஏனய்யா, அந்தப் பன்னீரை முதலில் உம்மேல் தெளித்துக்கொள்ளும்."

"எனக்குச் சளி, மகாராஜா" என்று அவன் பின்வாங்கினான். சிரிப்பைக் காணோம்.

செங்கமலம் செம்பைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்த்தாள். மந்திரம் மறந்தது, வந்த வேலை மறந்தது, சொந்தப் பெயரும் மறந்தது. பெட்டி தானே திறந்தது. மணிக்கூண்டு எழுந்து நின்றது, மண்டபம் எழுந்து நின்றது. தூண்களுக்கு நடுவிலிருந்து மருதையன் வந்தார்.

"நூறும் சரியா இருக்கு. என்னம்மா, ஏன் இப்படிப் பார்க்கிறே?"

"அப்பா" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

சாலை அகலமாகவே போட்டார்கள், மூன்று இடத்தில் வளைத்து. தண்ணீர் வண்டி தடையில்லாமல் ஓடியது. வண்டி மாடுகள் மண்டப நிழலில் இளைப்பாறின. அவற்றுக்குத் தண்ணீர் காட்டும் வேலை தண்டகனுக்கு. இன்னும் தினம் ஒருவரிடம் தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். அப்பா திரும்பி வந்த அன்று இரவு செங்கமலம் இரண்டு தட்டையும் கழுவி வைத்தாள். எதற்கு இரண்டு என்று அவள் கேட்கவில்லை.