மூன்று அரண்மனை பார்த்த பதக்கம்

கருங்கோட்டை ராஜா கனகபூபதிக்குப் பழசுப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. எல்லாப் பழசும் இல்லை, பழைய வைர நகை மட்டும். நகை அழகாக இருக்கிறதா என்று அவர் பார்க்கவே மாட்டார். செத்துப்போன எந்த ராணி போட்டது என்றுதான் கேட்பார். ராஜாவே இப்படி என்றால் சபை எப்படி இருக்கும்? புதுக் கடுக்கன் வாங்கிய அதிகாரிகள் அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் கரியேற்றிய பிறகே காதில் போட்டார்கள். தளவாய் வேலப்பர் ஒரு படி மேலே போனார். கல் விழுந்த மோதிரத்தை மாட்டிக்கொண்டு, “விழுந்துபோன கல் இதைவிடப் பழசு” என்று பெருமை பேசினார்.

இந்தக் கூத்தையெல்லாம் சபையின் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் குழைக்காதர். பேரில்தான் குழை, காதில் வெறும் ஈர்க்குச்சி. அவர் வாயைத் திறந்தால் யாருக்காவது சுருக்கென்று தைக்கும். அதனால்தான் கடைசி வரிசை.

ஒருநாள் பட்டணத்து நகை வியாபாரி தாண்டவராயர் சபைக்கு வந்தார். பட்டுத்துணியை விரித்து ஒரு வைரப் பதக்கத்தை எடுத்து வைத்தார். நடுவில் நெல்லிக்காய் அளவு கல். சுற்றிலும் மங்கிப்போன தங்கம்.

“மூன்று அரண்மனை பார்த்த பதக்கம், மகாராஜா! இருநூறு வருஷப் பழசு!”

ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. “என்ன வேண்டும், கேளும்.”

“பொன் வேண்டாம். பூவணி ஏரியையும் அதன் கீழ் உள்ள வயல்களையும் என் பேருக்கு எழுதிக் கொடுத்தால் போதும்.”

“கொடுத்தோம்!”

குழைக்காதர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பூவணி அவர் பிறந்த ஊர். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் அந்த ஏரித் தண்ணீரில்தான் பயிர் செய்தார்கள். மதகு இந்த ஆள் கைக்குப் போனால் ஊரே அவன் வாசலில் கைகட்டி நிற்கவேண்டும். கழுத்தில் தொங்குகிற ஒரு கல்லுக்காக ஊர்ச்சோற்றில் மண்ணா? கோபத்தில் அவருக்குக் காது சிவந்தது. குரலை மட்டும் குழைத்துக்கொண்டார்.

“மகாராஜா, வைரம் வாங்குமுன் மூன்று நாள் வைத்துப் பார்ப்பதுதானே வழக்கம்? ராசியான கல்லா, குடிகெடுக்கிற கல்லா என்று தெரியவேண்டாமா?”

ராஜா ஒப்புக்கொண்டார். பதக்கம் அன்றே கழுத்தில் ஏறியது.

முதல் நாள், அதையே குனிந்து பார்த்துக்கொண்டு நடந்த ராஜா படியில் உருண்டார். “பதக்கம் இல்லாவிட்டால் காலே ஒடிந்திருக்கும்!” என்றார் தளவாய். இரண்டாம் நாள் சோற்றில் கல்லைக் கடித்து ஒரு பல் போனது. “நாக்கு தப்பியதே, அதுதான் ராசி!” மூன்றாம் நாள் பட்டத்து யானை ராஜாவின் தலையில் சேற்றுத் தண்ணீரைப் பீய்ச்சியது. “அபிஷேகம்!” என்று தளவாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் இடி விழுந்தாலும் ராஜாவுக்கு வாணவேடிக்கைதான்.

நாலாம் நாள் காலையில் ஓலை தயாராகிவிட்டது. ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றினார். குழைக்காதர் எழுந்தார்.

“ஒரு சின்ன ஆசை, மகாராஜா. முத்திரை விழுமுன் பதக்கத்தின் கதையை முழுசாகக் கேட்டுவிடலாமே. ஒவ்வொரு அரண்மனையிலிருந்தும் அது எப்படி வெளியே வந்தது?”

தாண்டவராயருக்கு ஒரே குஷி. சோகக் கதை என்றால் ராஜா உருகுவார் என்பது அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முதலில் ஏழூர்க் கோட்டை குமுதவல்லி ராணி. கல்யாணமான வருஷமே கோட்டை பற்றி எரிந்தது. ராணி இதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள்!”

“ஆஹா!” என்றது சபை.

“அப்புறம் தென்கரை ராஜா. நாட்டை இழந்து, கஞ்சிக்கு வழியில்லாமல் இதை விற்றார்!”

“அடடா!” ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசியாக மணல்மேட்டு அரசர். இதைக் கழுத்தில் போட்டபடியே பைத்தியம் பிடித்துத் தெருத்தெருவாக அலைந்தார்!”

குழைக்காதர் கைதட்டினார். “பிரமாதம்! மகாராஜா, நாம் மூன்று நாள்தான் வைத்துப் பார்த்தோம். இவர்கள் இருநூறு வருஷம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் வீடும் தேறவில்லை.”

ராஜாவின் கை கழுத்துக்குப் போனது. தளவாய் மெல்ல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

குழைக்காதர் அவர் பக்கம் திரும்பினார். “தளவாய் அவர்களே, குடிகெடுக்கும் வைரம் என்று தெரிந்தே அதை அரசர் கழுத்தில் மாட்டினவனுக்கு நம் நாட்டில் என்ன தண்டனை?”

“யானைக்காலில் இடறவேண்டியதுதான்.”

தாண்டவராயர் தடாலென்று தரையில் விழுந்தார். “ஐயோ மகாராஜா! ராணியும் இல்லை, கோட்டையும் இல்லை! எல்லாம் நான் கட்டிய கதை! போன ஆடியில் என் பட்டறையில் செய்த பதக்கம் இது. வேறு ஒருத்தர் கழுத்திலும் ஏறியதில்லை. பழசாகத் தெரியவேண்டுமென்று சாணிக்குழியில் புதைத்து எடுத்தேன், அவ்வளவுதான்!”

மூன்று நாளாக அதற்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த ராஜா வாயைத் துடைத்துக்கொண்டார்.

பதக்கத்தைப் பறித்துக்கொண்டு வியாபாரியை எல்லைக்கு வெளியே துரத்தினார்கள். ராஜாவுக்கோ மனசு ஆறவில்லை. “என்ன இருந்தாலும் பழசின் அருமை உமக்குத் தெரியாது, குழைக்காதரே” என்று முனகினார்.

“தெரியாமல் என்ன, மகாராஜா? பூவணி ஏரியும் பழசுதான். உங்கள் முப்பாட்டனார் வெட்டியது. அவரும் விற்கவில்லை, பாட்டனாரும் விற்கவில்லை, அப்பாவும் விற்கவில்லை. விற்கக் கிளம்பின முதல் ஆள் நீங்கள்தான்.”

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. ஓலையைத் தன் கையாலேயே நான்காகக் கிழித்தார். பிறகு வெட்கத்தை மறைக்க உரக்கச் சிரித்துக்கொண்டே, “கதைதான் பொய், கல் அசல் வைரம். இந்தப் பதக்கத்தை உமக்கே பரிசாகத் தந்தோம்!” என்றார்.

குழைக்காதர் பெரிய கும்பிடாகப் போட்டுப் பின்வாங்கினார்.

“வேண்டாம், மகாராஜா. நாளைக்கு இதை நான் விற்கப் போனால், முன்னே யார் கழுத்தில் கிடந்தது என்று கேட்பார்கள். உங்கள் பேரைச் சொல்லவேண்டி வரும். விலை போகாது.”