இரண்டு சாலுக்கு ஒரு சால்

வேங்கைநாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. நினைத்தது நினைத்த நேரத்தில் நடந்துவிட வேண்டும் அவருக்கு. ஒருநாள் அரண்மனைக் குளத்து மீனுக்குப் பொரி போடும்போது முத்திரை மோதிரம் நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது.

சபை கூடியது.

"மருதூர் ஏற்றக்காரர்கள் தனியாக மூன்று நாளில் குளத்தை இறைப்பார்களாம். புன்னையூரார் ஆறு நாளில். சேர்ந்து இறைத்தால்?" என்று கேட்டார் ராஜா.

தளவாய் நாகப்பர் முந்திக்கொண்டார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாகவே கண். "மூன்றும் ஆறும் ஒன்பது. அதில் பாதி, நாலரை நாள், மகாராஜா."

"மருதூரார் மட்டுமே மூன்று நாளில் முடிப்பார்களே. துணைக்கு ஆள் வந்தால் நாள் கூடுமா, தளவாயே?" என்றார் மந்திரி தாண்டவராயர். "குளத்தை ஆறு பங்காக வையுங்கள். நாளுக்குப் புன்னையூரார் ஒரு பங்கு, மருதூரார் இரண்டு பங்கு. சேர்ந்தால் மூன்று. இரண்டே நாள் போதும்."

"ஏற்றக்காரன் மகன் பேச்சு வேறு எப்படி இருக்கும்?" என்று சிரித்தார் நாகப்பர்.

"ஆமாம். என் அப்பா மிதித்த ஏற்றம்தான் என்னை இங்கே உட்கார வைத்தது."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் வற்றாவிட்டால், மந்திரி பதவி நாகப்பருக்கு."

நாகப்பர் சும்மா இருப்பாரா? இரண்டு ஊர் ஏற்றங்களையும் ஒரே துறையில் நெருக்கிப் போடச் செய்தார். ஏற்றக்காரர்கள் பாட்டுக்குத்தான் மிதிப்பார்கள். மருதூர்ப் பாட்டு துள்ளும். புன்னையூர்ப் பாட்டு ஆடி அசைந்து வரும். தொடங்கியதுமே பாட்டோடு பாட்டு இடித்தது. தாளம் தவறி, தண்ணீர் மொள்ளும் சால்கள் காலியாக மேலே வந்தன.

தாண்டவராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துறையில் இறங்கினார். "மருதூர் அண்ணன்மாரே, இரண்டு அடி பாடி இரண்டு சால் இறையுங்கள். புன்னையூர் அண்ணன்மாரே, அதற்குள் உங்களுக்கு ஒரு சால். அது மேலே வரும்போது ஏலேலோ போடுங்கள்."

"அவன் பாட்டுக்கு நாங்கள் மிதிப்பதா?" என்றது புன்னையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நீங்கள் ஏலேலோ போடாமல் அவர்களால் அடுத்த அடி எடுக்க முடியாதே."

புன்னையூராருக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. இரண்டு பாட்டும் ஒன்றாய் இணைந்து, சால்கள் நிறைந்து மேலே வந்தன. அப்பா பாடிய தாளம் மறுபடி காதில் விழ, மந்திரியின் கால்கள் தாமாகவே அசைந்தன.

இரண்டாம் நாள் பொழுது சாயுமுன் குளத்தின் தரை தெரிந்தது. நாகப்பரையே சேற்றில் இறக்கி மோதிரத்தை எடுக்கவைத்தார் ராஜா. தம் சால்வையை மந்திரியின் தோளில் போர்த்தினார்.

"மந்திரியாரே, அடுத்த தடவை தளவாயையும் சேர்த்துக்கொண்டால் எத்தனை நாள்?"

"மூன்று நாள், அரசே."

"ஆள் கூடினால் நாள் குறையும் என்றீரே?"

"வேலை செய்கிற ஆள் கூடினால், அரசே."

துறை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. இரண்டு ஊரும் சேர்ந்தே சிரித்தன.