புகை எழும்பும் நேரம்

“ஐயா, நேத்து எரிச்ச ஆட்டுக்குட்டி இதோ, சாம்பலாக் கிடக்கு. இன்னைக்கு எரிக்கப்போறதும் நாளைக்கு இப்படித்தான் கிடக்கும். எதுக்கு இதெல்லாம்?”

பலி செலுத்தும் ஆசாரியன் மல்கியா பலிபீடத்தடியில் குந்தி, சாம்பலை அள்ளிக்கொண்டே கேட்டான்.

செராயா விறகில் ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்கியாவைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் எருசலேமில் கட்டி முடித்தது அந்தப் பீடம் ஒன்றைத்தான். ஆலயம் கற்குவியல். சுற்றிலும் பகைவர்கள். இதற்கு நடுவே காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, சாயங்காலம் ஓர் ஆட்டுக்குட்டி.

“கூரை இல்லை, மதில் இல்லை. கும்பிட வர்றதும் நாலு பேர். கர்த்தருக்கே சலிச்சுப் போயிருக்கும்.”

“அவரைக் கேட்டீரா?”

“விளையாடாதீங்க. மூட்டை கட்டிட்டேன். பாபிலோனுக்கே போறேன்.”

“தெரியும். ஊரே பேசுகிறது.”

செராயா நிமிர்ந்தார்.

“அந்தச் சாம்பலை மட்டும் கொட்டிவிட்டுப் போம். அங்கியை மாற்றிக்கொள்ளும்.”

முறை அதுதான். பீடத்தின் சணல்நூல் அங்கியோடு யாரும் சாம்பலை வெளியே கொண்டுபோவதில்லை. கொட்டிய கையோடு, பலிக்கு நேரமாச்சு என்று ஓடி வருவதும் மல்கியாவின் வழக்கம்.

“இன்று ஓட வேண்டாம். பலியை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

ஊருக்கு வெளியே, சாம்பல் மேட்டருகில் பாரம் ஏற்றிய கழுதை நின்றது. பாறைமேல் ஒரு பெண். பெயர் சிபியாள். நகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, இன்னும் எவ்வளவு நேரம்? கழுதையை ஓட்டட்டுமா?” என்றான் புருஷன்.

“பொறும்யா. வெயில் இன்னும் மலையைத் தொடலை.”

சாதாரண உடுப்பில் மல்கியாவை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

“என்னம்மா பார்க்கறீங்க?”

“புகையை. வெளியூரா நீங்க? இந்த மலைப்பக்கம் அத்தனை வீடும் விடிஞ்சா அங்கேதான் பார்க்கும். புகை எழும்பினா, ஆசாரியருங்க ஓடலைன்னு அர்த்தம். அவங்க இருந்தா நாங்களும் இருப்போம்.”

“ஒருத்தன் மூட்டை கட்டிட்டானாம்,” என்றான் புருஷன். “ஒருத்தன் போனா வரிசையாப் போவாங்க. அதான் நானும் கட்டிட்டேன்.”

மல்கியா நகரத்தின் பக்கம் திரும்பினான்.

நகரத்தின் மேலே வானம் வெறுமையாக இருந்தது. வெயில் மலையைத் தொட்டது. அப்போதும் வெறுமைதான்.

புருஷன் கழுதையின் கயிற்றைப் பிடித்தான்.

ஈர விறகு, என்று நினைத்தான் மல்கியா. ஊதுங்க ஐயா. குனிஞ்சு ஊதுங்க.

ஒரு நூல். பிறகு ஒரு கயிறு. பிறகு கற்குவியலுக்கு மேலே, வானத்தைத் தாங்குகிற தூண் மாதிரி நிமிர்ந்து நின்றது புகை.

“எழும்பிருச்சு!” என்று கத்தினாள் சிபியாள்.

எதிர்மலையில் ஒரு குரல் அதையே கத்தியது. பள்ளத்தாக்கில் இன்னொன்று. எங்கோ ஒருவன் கொம்பு ஊதினான். மலைக்கு மலை அது தாவிப் போனது.

புருஷன் முனகியபடி கழுதை மேலிருந்த திரிகைக்கல்லை இறக்கினான்.

“இதை ஏத்தி இறக்கியே என் இடுப்பு போச்சு.”

“நானா ஏத்தச் சொன்னேன்?”

மல்கியா ஓடினான். விழுந்து எழுந்து ஓடினான்.

முகமெல்லாம் கரியோடு செராயா திரும்பிப் பார்த்தார்.

“என்ன, கிளம்பவில்லையா?”

மல்கியா மூச்சு வாங்க அங்கியை மாட்டினான்.

“சாயங்காலத்து ஆட்டுக்குட்டி எங்கே ஐயா?”