ராக்கியப்பன் பல் பார்த்து வாங்கிய கார்

2022 ஆகஸ்ட் 17, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் மாட்டு லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் இறங்கியவர் வெள்ளக்காட்டுப்புதூர் மாட்டு வியாபாரி ராக்கியப்பன். அவருக்கு அன்று ஒரு கார் வேண்டியிருந்தது.

காருக்கும் ராக்கியப்பனுக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தியால் வந்த வினை அது. ஒரே மகள் மிருதுளாவுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்டதும் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அறைக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்ட விட்டத்தில் கொக்கியும் மாட்டியாகிவிட்டது. ஆனால் அரிசி மில் வைத்திருக்கும் சம்பந்தியம்மா சரோஜினி போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"போன தடவை உங்க மாட்டு லாரியில வந்துட்டுப் போனவ ஒரு வாரம் தலைக்குத் தண்ணி ஊத்தினா. வாயும் வயிறுமா இருக்கறவளை அந்த நாத்தத்துல ஏத்த மாட்டேன். கார்ல வாங்க, அனுப்பறேன். இல்லாட்டிப் பிரசவம் இங்கதான்."

ராக்கியப்பனின் மனைவி தெய்வாத்தாள் இதைக் கேட்டு இரண்டு நாள் சோறு பொங்கவில்லை.

மாப்பிள்ளை தீபக் நல்ல பிள்ளை. ஊரைவிட்டுப் போகும் ஒருவர் தன் காரை விற்கிறார் என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார். கூடவே ஒரு புத்திமதியும் சொன்னார்.

"மாமா, பழைய வண்டி விஷயத்துல ஏமாத்திருவாங்க. நாலு பேரைக் கேட்டு வாங்குங்க. நீங்க மாடு வாங்கறப்ப எப்படிப் பாப்பீங்களோ, அதே மாதிரி பாத்து வாங்குங்க."

மாப்பிள்ளை சொல்லைத் தட்டும் வழக்கம் ராக்கியப்பனுக்கு இல்லை. மாடு பார்ப்பதில் பேர்போன இருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சென்னியப்பன் பல் பார்ப்பார். காரியப்பன் தோலில் முடி சுழன்றிருக்கும் சுழி பார்ப்பார்.

கீழே வந்து அவர்களை வரவேற்ற கௌஷிக் என்ற இளைஞர் அன்று இரவு ஜெர்மனிக்கு விமானம் ஏற வேண்டியவர். அவசரத்தில் இருந்தாலும் மரியாதை தெரிந்தவர். உறையை விலக்கிக் காரைக் காட்டினார். கருநீலம். தாழ்வாக, பாயப்போகிற விலங்கு போலப் படுத்திருந்தது. ஸ்போர்ட்ஸ் வகை என்றார்.

"நாம மூணு பேர்தான் இருக்கோம்," என்றார் காரியப்பன். "மாப்ள நாலு பேரைக் கேக்கச் சொன்னாரே?"

ராக்கியப்பன் வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் கேட்டார். "ஏனுங்க, அந்தக் காரு எப்படி?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தேன்."

ராக்கியப்பன் திரும்பி வந்தார். "நாலாவது ஆளையும் கேட்டாச்சு. ஆரம்பிக்கலாம்."

சென்னியப்பன் காரின் முகத்துக்கு நேரே குந்தினார். "வாயைத் திறக்கச் சொல்லுங்க."

எஞ்சினைப் பார்க்கக் கேட்கிறார் என்று கௌஷிக் பானெட்டைத் தூக்கிவிட்டார். சென்னியப்பன் தலையை உள்ளே விட்டு, மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் விரலால் தடவிப் பார்த்து, வெளியே வந்தபோது முகம் இருண்டிருந்தது.

"ராக்கியண்ணா, பல்லு ஒண்ணுகூட இல்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. ஒண்ணு இது பால்குடி மறக்காத கன்னாயிருக்கோணும். இல்லாட்டிப் பல்லு விழுந்த கெழடாயிருக்கோணும்."

"2017 மாடல் சார்," என்றார் கௌஷிக்.

"அஞ்சு வயசு. அஞ்சு வயசுல எட்டுப் பல்லும் போட்டிருக்கோணுமே," என்றார் சென்னியப்பன், கௌஷிக்கை ஏற இறங்கப் பார்த்து. "தம்பி, வயசை மறைக்காதீங்க. நாங்க சந்தையிலயே பொறந்து வளந்தவங்க."

இதற்குள் காரியப்பன் காரை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். முன்புறம் கம்பெனி முத்திரை வட்டமாக இருந்ததை நெற்றிச்சுழி என்று ஏற்றுக்கொண்டார். அதே வட்டம் பின்புறமும் இருந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது.

"வாலுக்கு மேல சுழி இருந்தா வாங்கினவன் வீட்டை விட்டுப் போவான்னு சொல்லுவாங்க."

"நான் போனா பரவாயில்ல," என்றார் ராக்கியப்பன். "பொண்ணு வந்தாச் சரி."

"இன்னொண்ணு இருக்குதுங்க. வயிறு தரையைத் தொடற மாதிரி தொங்குது. சினையா இருக்குமோ?"

சினை என்றால் விலை வேறு. ராக்கியப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்பக்கமாகக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். புகை வரும் குழாய்கள் ஜோடியாகத் தெரிந்தன. எழுந்து மண்ணைத் தட்டினார்.

"சினையெல்லாம் இல்ல. காளை."

"சார், ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றார் கௌஷிக். அவர் இரண்டாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாங்க எதுக்குங்க ஏறறோம்? மாட்டு மேல ஏறியா பாப்பாங்க? நீங்க நடத்துங்க. நாங்க பின்னால வந்து நடையைப் பாக்கறோம்," என்றார் ராக்கியப்பன்.

கௌஷிக் குடியிருப்பைச் சுற்றி மெதுவாக ஓட்ட, மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. பின்கால் எடுத்து வைப்பதில் குறையில்லை என்று சென்னியப்பன் சொன்னார். காரியப்பன் சுறுசுறுப்பு தெரிவதற்காக, பின்னால் தூக்கி நின்ற பட்டையை வால் என்று பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். அதே நேரத்தில் கௌஷிக், இவர்களைச் சீக்கிரம் முடித்து அனுப்பும் எண்ணத்தில், ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் காட்டினார். கார் உறுமிய உறுமலில் காரியப்பன் துள்ளி, செம்பருத்திப் புதருக்குள் விழுந்தார்.

"நல்ல ரோசக்கார உருப்படி," என்றார் புதருக்குள் இருந்தபடியே.

"ஆறு செகண்ட்ல நூறு கிலோமீட்டர் வேகம் போயிரும் சார்!" என்றார் கௌஷிக்.

ராக்கியப்பன் யோசித்தார். "ஆறு செகண்ட்ல எங்க ஊரே முடிஞ்சிருமே தம்பி."

"அப்ப மூணு செகண்ட்தான் ஓட்டோணும்," என்றார் சென்னியப்பன். "மீதி மூணு செகண்டுக்கும் சேத்து எதுக்கு நாம விலை குடுக்கறது?"

இது நியாயமான கேள்வி என்று ராக்கியப்பனுக்குப் பட்டது. மனசுக்குள் குறித்துக்கொண்டார். அடுத்தது தீனி.

"லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் குடுக்கும் சார். கொஞ்சம் குடிக்கும். மறைக்க விரும்பல."

"நிக்கறப்ப?"

"நிக்கறப்ப எதுக்கு சார் குடிக்கப் போகுது? ஒண்ணும் குடிக்காது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஆயுளில் பார்த்த உருப்படிகள் எல்லாம் நிற்கும்போதுதான் அதிகம் தின்றன.

ராக்கியப்பன் நண்பர்களைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு பேசினார். "சும்மா கட்டியே வெச்சிருந்தா, இதைவிடச் சிக்கனமான உருப்படி எந்தச் சந்தையிலயும் கெடைக்காது. முடிச்சிரலாம்."

"உள்ள சீட்டைப் பாத்தீங்களா? குழியில எறங்கற மாதிரி இருக்குது. மாசமா இருக்கற புள்ள ஒருக்கா உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க," என்றார் சென்னியப்பன்.

"எந்திரிக்காட்டி நல்லதுதானே. திரும்பப் போறேன்னு சொல்ல மாட்டா பாரு."

விலை பேசும் கட்டம் வந்தது. மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்வது சந்தையில் கிடையாது. வாங்குபவரும் விற்பவரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். ராக்கியப்பன் துண்டை உதறி, கௌஷிக்கின் வலக்கையைப் பிடித்து மூடினார்.

"சார், என்ன சார் பண்றீங்க? நான்தான் போன்லயே ஒன்பது லட்சம்னு—"

"உஸ்ஸ்!" என்றார்கள் மூவரும். காரியப்பன் அக்கம்பக்கம் பார்த்தார்.

ராக்கியப்பன் முதலில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அது ஐந்து. பிறகு இரண்டு விரல். ஆக ஏழு. கௌஷிக்குக் கூச்சம் எடுத்துக் கையை உருவினார்.

"கட்டாதுங்கறார்," என்று ராக்கியப்பன் நண்பர்களுக்கு அறிவித்தார். மறுபடியும் மூடி, ஐந்தும் மூன்றும் பிடித்தார். கௌஷிக் சிரித்துவிட்டு நெளிந்தார்.

"எட்டுக்குச் சிரிக்கறார். கெட்டிக்காரப் பையன்."

அங்கே கௌஷிக் பொறுமை இழந்தார். வெளிநாடு போகிறவருக்கு மூட்டை கட்டும் வேலை பாக்கி. எப்படியாவது முடிந்தால் போதும் என்று, துண்டுக்குள் தன் இரண்டு கைகளையும் விட்டு, ராக்கியப்பனின் கையை முழுதாகப் பிடித்து, "சார், ப்ளீஸ்," என்று குலுக்கினார்.

பத்து விரல். பத்து லட்சம். ராக்கியப்பன் நெற்றியைச் சுருக்கினார். மகளின் முகத்தை நினைத்தார். துண்டை எடுத்தார்.

"முடிஞ்சது. பத்து."

"சார், நான் கேட்டதே ஒன்பதுதான்!"

"கையில முடிஞ்ச விலையை வாயில மாத்தக் கூடாது தம்பி," என்றார் காரியப்பன் கண்டிப்பாக. "தொழில்ல பேர் கெட்டுப் போகும்."

பணம் கைமாறியது. காகிதங்களில் கையெழுத்தும் ஆயிற்று. கௌஷிக் நிம்மதியாகச் சாவியை நீட்டினார். ராக்கியப்பன் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினார்.

"அது உங்களுது."

"வண்டியை வாங்கிட்டீங்க. சாவி உங்களுதுதானே சார்?"

"தம்பி, மாட்டை வித்தா, பழைய கயித்தை வித்தவர்தான் வெச்சுக்கோணும். கயித்தோட குடுத்தா வீட்டு லட்சுமியும் கூடவே போயிரும். வெளிநாடு போற புள்ள, உங்க லட்சுமியை நான் கொண்டு போலாமா? நாங்க புதுக் கயிறு கொண்டாந்திருக்கோம்."

சென்னியப்பன் தோளிலிருந்து மஞ்சள் தடவிய புதுக் கயிற்றை எடுத்துக் காட்டினார். கௌஷிக் கெஞ்சினார். சாவி இல்லாமல் கார் நகராது என்றார். புதுக் கயிறு கட்டிய எந்த உருப்படியும் முதல் நாள் அப்படித்தான் நிற்கும், போகப் போகப் பழகிவிடும் என்று காரியப்பன் தைரியம் சொன்னார். கடைசியில் கௌஷிக்கே, அடுத்த மனையில் கட்டடத்துக்குத் தோண்டிக் குவித்திருந்த மண்மேட்டின் மேல் ஓட்டி, அதையொட்டி நிறுத்திய மாட்டு லாரிக்குள் காரை ஏற்றிவிட்டார். இறங்கியதும், மூவரும் சொன்னபடி, இரண்டு சாவிகளையும் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதைக்கு அவருக்கு எது சொன்னாலும் செய்யலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை அரிசி மில்லில் வளைகாப்பு ஜோராக நடந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் மாட்டு லாரி வந்து நின்றது. சரோஜினியம்மாள் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"கார்ல வரச் சொன்னேனே!"

"கார்லதாங்க வந்திருக்கேன்," என்ற குரல் மேலிருந்து வந்தது.

லாரியின் மேல், கருநீலக் காருக்குள், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி ராக்கியப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டுச்சேலையில் தெய்வாத்தாள். வளைவு வந்தபோதெல்லாம் ராக்கியப்பன் ஸ்டீரிங்கைத் திருப்பப் பார்த்தாராம். அது அசையவில்லையாம். இருந்தும் லாரி சரியாகவே வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெருமை.

மாப்பிள்ளை தீபக் நெற்றியில் கைவைத்தார். "மாமா, என்னங்க மாமா இது? சாவி எங்க?"

"வித்தவங்ககிட்டயே குடுத்துட்டேன். மாடு வாங்கற மாதிரி வாங்கச் சொன்னீங்களே மாப்ள. ஒண்ணுகூட விடல."

தீபக் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தன் வாயால் சொன்னதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல்மூட்டை ஏற்றும் மேடையை ஒட்டி லாரியை நிறுத்திப் பக்கப் பலகையைக் கழற்றியபோது, காரின் கதவு மேடைக்குச் சரியாக எதிரே இருந்தது. சரோஜினியம்மாள் தலையை உள்ளே விட்டு மூக்கை உறிஞ்சினார். கௌஷிக் விட்டுப்போன எலுமிச்சை வாசனை இன்னும் இருந்தது. மாட்டு வாசனை கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டது. சரோஜினியம்மாள் சொன்ன சொல் மாறாதவர்.

"கார்தான். மாட்டு லாரியில ஏத்த மாட்டேன்னு சொன்னேன். கார்ல ஏத்தறதுக்கென்ன?" மருமகளைப் பார்த்து, "பாத்து உக்காரு கண்ணு. பெல்ட் போட்டுக்க."

மிருதுளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கைவளையல்கள் எல்லாம் குலுங்கின. "அப்பா, முன்னாடி போற லாரியை முந்திராதீங்க," என்றாள்.

"எனக்குத் தெரியாதா கண்ணு," என்றார் ராக்கியப்பன்.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். கார் கட்டுத்தறியில் காங்கேயம் காளைகளுக்கு நடுவே, முன்கொக்கியில் கயிறு கட்டி, ஒரு துளி தீனி கேட்காமல் நின்றது. கௌஷிக் மனசு கேட்காமல் ஜெர்மனியிலிருந்து இரண்டு முறை சாவியை அனுப்பினார். இரண்டு முறையும் ராக்கியப்பன் அதைக் கருப்பட்டி மிட்டாயோடு திருப்பி அனுப்பினார்.

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை, அந்தக் கார் மாட்டுச் சந்தையில் விற்பனையானது. பல் இன்னும் முளைக்காததால் கன்றுக்குட்டி விலைதான் போயிற்று. கயிற்றை அவிழ்த்து ராக்கியப்பன் வைத்துக்கொண்டார்.