மயிலிறகை அரைத்தால்

"நேத்து வந்த பயலுக்கா அம்மா புதுப் பள்ளிக்கூடத்தைக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டார் சேந்தன்.

மலையடிவாரப் பாடசாலையில் அவர்தான் மூத்த சீடர். தலை நரைத்துவிட்டது. குரு வெண்ணியம்மைக்கே அவரைவிட வயது குறைவு.

ஆற்றுக்கு அக்கரையில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். அதை நடத்தப் போவது இளைய சீடன் திருமாறன்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கணக்கு, வானம், மூலிகை, பூகோளம். இதுல அவனுக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாதது எது?"

"திருமாறனுக்குத் தெரியாத ஒண்ணை நீங்க கேட்டுடுங்க. பள்ளிக்கூடம் உங்களுக்குத்தான்" என்றார் வெண்ணியம்மை.

சேந்தன் படிக்க ஆரம்பித்தார். ஆர்வத்தில் படித்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வயிற்றெரிச்சலில் படித்தார். அப்படிப் படித்தாலும் பாடம் ஏறத்தான் செய்கிறது.

மறுநாள் எல்லோர் முன்னாலும் திருமாறனிடம் கேட்டார்.

"உச்சி வெயிலில் நட்ட கம்புக்கு நிழலே விழாத நாள் உண்டா?"

"உண்டுண்ணே. நம்ம பக்கம் வருஷத்துக்கு ரெண்டு நாள். சூரியன் நேரா தலைக்கு மேல வர்றப்போ."

இன்னொரு நாள் கேட்டார்.

"அத்தி எங்கே பூக்கும்?"

"காய்க்குள்ளேயேண்ணே. பிளந்து பார்த்தா தெரியும்."

பதில்கூடப் பரவாயில்லை. அந்த 'அண்ணே'தான் சேந்தனுக்கு முள்ளாகக் குத்தியது. திமிராகப் பேசினாலாவது திட்டித் தீர்க்கலாம்.

கடைசியில் ஒரு கேள்வி அகப்பட்டது.

"நீல மயிலிறகை நைசாக அரைத்தால் பொடி என்ன நிறம்?"

திருமாறன் தலையைச் சொறிந்தான்.

"தெரியாதுண்ணே."

தெரியாது என்றவர் எழுந்து போய்க் கேட்டவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அது அங்கே வழக்கம். பலருக்கு அந்த நாலடி தூரம் நடக்கவே கூசும். திருமாறன் ஓடி வந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்கண்ணே!"

"பழுப்பு" என்றார் சேந்தன்.

"பழுப்பா?"

அடுத்த நொடி அவன் அங்கே இல்லை. ஒரு மயிலிறகோடும் மருந்து அரைக்கும் கல்வத்தோடும் திரும்பி வந்தான். இறகின் கண்ணிலிருந்த நீலத்தை நறுக்கிப் போட்டு, வியர்க்க வியர்க்க அரைத்தான். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

பொடி பழுப்பாகத்தான் இருந்தது.

"ஐயோ, நீலத்தைக் காணோம்!" என்று கத்தினான். சிரித்தான். ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழும் கல்வத்தை நீட்டிக் காட்டினான். "அது எங்கேண்ணே போச்சு?"

சேந்தனுக்கு அது தெரியாது. அதை வெளியே சொல்லவில்லை. கேள்வியோடும் பதிலோடும் அவர் படிப்பை நிறுத்தியிருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்க. பள்ளிக்கூடம் உங்களுக்கு. காலையில கிளம்புங்க" என்றார் வெண்ணியம்மை.

சேந்தன் நகரவில்லை. திருமாறனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பொடியை வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன சேந்தன்? கேட்டது கிடைச்சிடுச்சே."

"எரியுதும்மா. முன்னைவிட எரியுது. தோத்தது அவன். பாருங்க அவன் மூஞ்சியை. நான் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. இது எந்தப் பாடத்துலம்மா இருக்கு? நான் எதைப் படிக்காம விட்டேன்?"

வெண்ணியம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல, பதில் தெரியாம நீங்க கேட்ட முதல் கேள்வி இதுதான்."

பள்ளிக்கூடத்துச் சாவியை எடுத்துச் சேந்தன் கையில் வைத்தார்.

"இப்போ போங்க."