சாத்தனுக்கு இறகு முளைத்த கதை

முன்னொரு காலத்திலே, பறவைகள் பேசுவதைக் கேட்டு மனிதர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்த நாளிலே, செங்கழனி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். சேனாதிபதி வீட்டுப் பிள்ளையானாலும் சரி, செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வேண்டும். ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு. தீவிலே பெரிய கல் மண்டபம். அதுதான் பள்ளிக்கூடம்.

பிள்ளைகளைக் காலையில் தீவில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கரைக்குக் கூட்டி வருபவள் பரிசல்காரி செல்லாயி. அவளுக்கு ஒரே மகள், வடிவு. வடிவு பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். சிரிக்க ஆரம்பித்தாலும் நிறுத்தமாட்டாள்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் மலைநாட்டிலிருந்து ஒரு பையன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தான். பெயர் சாத்தன். அப்பா அம்மா மலையில். இங்கே மாமா வீட்டில் தங்கிப் படிக்க வந்தவன். காட்டு நிழலிலேயே வளர்ந்ததால் அவனுக்கு ஆற்றங்கரை வெயில் கூசியது. பெரிய கண்களைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நின்றான்.

சேனாதிபதியின் கடைசி மகன் வீரகேது அவனைப் பார்த்தான். பட்டு வேட்டி, பொன் அரைஞாண், சுற்றிலும் எப்போதும் ஒரு கூட்டம். அவன் எழுந்து நின்று ராகம் போட்டுப் பாடினான்.

"கோட்டான் கோட்டான், கொட்டக் கொட்ட முழிக்கிறான்."

தூண் சிரித்தது, கூரை சிரித்தது, மண்டபமே சிரித்தது. வடிவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாத்தனும்தான் சிரித்தான். புதுசாக வந்தவனோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்தான்.

மறுநாளும் அதே பாட்டு. தூண் சிரித்தது, கூரை சிரித்தது, மண்டபமே சிரித்தது. சாத்தன் உதட்டால் மட்டும் சிரித்தான்.

அதற்கு மறுநாளும் அதே பாட்டு. சாத்தன் சிரிக்கவில்லை. போதும், எனக்குப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னான். அவன் மலைநாட்டு இழுவையில் சொன்னதைக் கேட்டு எல்லாரும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள். அதன் பிறகு பாட்டு நிற்கவே இல்லை. அவன் சாப்பிடும்போது பாடினார்கள், தண்ணீர் குடிக்கும்போது பாடினார்கள், பாடம் ஒப்பிக்கும்போது பாடினார்கள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் வடிவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கன்னம் பலாச்சுளை மாதிரி வீங்கிவிட்டது. செல்லாயி பல்லிலே கிராம்பை வைத்து, தாடையைச் சுற்றித் துணியால் கட்டி, வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்கும் வீரகேது பாடினான். அன்றைக்கும் மண்டபமே சிரித்தது. வடிவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. சிரிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அதைக் கண்டாள்.

சாத்தனின் பிடரியில் ஒரு பழுப்பு இறகு முளைத்தது. காற்றில் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. தோலிலிருந்து, புல் முளைக்கிற மாதிரி, அவள் கண் முன்னாலேயே முளைத்தது.

பாடம் முடிந்ததும் அவனைத் தேடிப் போனாள். அவன் படித்துறையில் தனியாக உட்கார்ந்து மேல்துண்டால் கழுத்தைப் போர்த்திக்கொண்டிருந்தான். தாடைத் துணியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, கழுத்தில் என்ன என்று கேட்டாள். அவன் திடுக்கிட்டுப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுதா?"

தெரிகிறது என்று தலையாட்டினாள். அவன் துண்டை எடுத்தான். கழுத்து முழுக்க, முதுகு முழுக்க, தோள் முழுக்க இறகு. கூடப் படிக்கிறவர்களிடம் காட்டினானாம். என்ன இறகு, எங்கே இறகு என்று கேட்டார்களாம். ஆசானிடம் காட்டினானாம்; அவர் கண்ணுக்கும் தெரியவில்லையாம்.

"அவன் பாடும்போது ஒண்ணும் ஆகிறதில்ல வடிவு. எல்லாரும் சிரிக்கிறீங்க பாரு, அப்பதான் முளைக்குது."

வடிவுக்குச் சுருக்கென்றது. நேற்றுவரை அவளும் சிரித்தவள்தான். இத்தனை இறகில் தன் சிரிப்புக்கு முளைத்தது எதுவோ என்று நினைத்தபோது பல்வலிகூட மறந்துபோயிற்று. ஒன்று மட்டும் விளங்கியது. சிரிக்கிற கண்ணுக்கு இறகு தெரியாது.

நேரே ஆசான் பெருங்கண்ணனாரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தப் பாட்டு கேட்கும்போதெல்லாம் ஏட்டை முகத்துக்கு மறைத்துக்கொண்டு அவரும் புன்னகை செய்தவர். பிள்ளைகள் என்றால் கேலியும் கிண்டலும் இருக்கத்தான் செய்யும், இதெல்லாம் விளையாட்டு, கோள் சொல்லாதே என்றார்.

வடிவு நகரவில்லை. "விளையாட்டுன்னா ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரணும் ஐயா. போதும்னு ஒருத்தர் சொன்னா நிக்கணும். இன்னைக்கு நான், நாளைக்கு நீன்னு மாறி மாறி வரணும். இது தினமும் சாத்தன் மேலயேதான் விழுது. அவன் போதும்னு சொல்லியாச்சு. நிக்கல."

ஆசானோ, நாளைக்கு ராஜா வருகிறார், விழா வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்து தன் சிநேகிதி சிங்காரியைப் பிடித்தாள். இனிமேல் அந்தப் பாட்டுக்குச் சிரிக்காதே என்று கேட்டுக்கொண்டாள். சிங்காரி தலையைக் குனிந்துகொண்டு, "நான் சிரிக்கலேன்னா அடுத்த பாட்டு என் மேலதான் வரும்" என்றாள். அவளுக்கும் அது வேடிக்கையாக இல்லை, பயமாகத்தான் இருந்தது என்று வடிவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் அம்மாவிடம் சொன்னாள். செல்லாயி துடுப்பை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். சாத்தனைக் கூப்பிட்டுத் துண்டை விலக்கிப் பார்த்தாள். அவள் ஒருநாளும் அவனைப் பார்த்துச் சிரித்தவள் இல்லை. அவளுக்கு எல்லா இறகும் தெரிந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

கொஞ்ச நாளாக அவள் பரிசலில் ஒரு பறவை வியாபாரி வந்து போய்க்கொண்டிருந்தான். பெயர் கருங்கோடன். கறுப்பு அங்கி, கையில் பெரிய மூங்கில் கூண்டு. கூண்டுக்குள் மைனா, அணில், முயல், ஆந்தை. அவற்றின் கண்கள் மட்டும் மனிதக் கண்கள். நாளைக்கு விழாவில் ஒரு கோட்டான் கிடைக்கும், அதற்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறேன் என்று அவன் இன்றைக்குத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நாளைக்கு நான் கரையில நிக்கமாட்டேன். மண்டபத்துக்குள்ள வந்து நிப்பேன். நீ செய்ய நினைக்கிறதைச் செய்" என்றாள் செல்லாயி.

மறுநாள் உச்சிப்பொழுது. மண்டபம் நிறைந்திருந்தது. ராஜா நடுவில், சேனாதிபதி பக்கத்தில், பிள்ளைகள் வரிசை வரிசையாக. கருங்கோடன் ஓரத் தூணில் சாய்ந்து நின்றான். செல்லாயி துடுப்போடு வாசலில் நின்றாள். பாட்டு ஒப்பிக்கச் சாத்தனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து நின்று, கொட்டக் கொட்ட விழித்தான்.

வீரகேது விடுவானா? "கோட்டான் கோட்டான், கொட்டக் கொட்ட முழிக்கிறான்" என்று பின்வரிசையிலிருந்து மெல்ல இழுத்தான். தூண் சிரித்தது, கூரை சிரித்தது, மண்டபமே சிரித்தது. வடிவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாத்தனின் கைகள் இரண்டும் இறக்கையாகிவிட்டன.

வீரகேது மறுபடி பாடினான். மண்டபம் மறுபடி சிரித்தது. சாத்தனின் வாய் அலகாகிவிட்டது. கருங்கோடன் கூண்டின் கதவைத் திறந்தான்.

வீரகேது மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள் வடிவு தாடையில் கட்டிய துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்தாள்.

"அவன் பேர் சாத்தன்."

வீரகேது திரும்பினான். அவள் வீங்கிய கன்னத்தைப் பார்த்தான். "பாருங்கடா, தவளை பேசுது" என்றான். மண்டபம் அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் விரல்களுக்கு நடுவே சில்லென்று என்னவோ ஓடியது. பார்த்தால் பச்சைச் சவ்வு. ஓடிப்போய் ஆற்றில் விழுந்து ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. தினம் தினம் இவனுக்கு இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தாள். காலை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"அவன் பேர் சாத்தன்" என்றாள் மறுபடியும்.

பக்கத்தில் இருந்த சிங்காரியின் சிரிப்பு பாதியில் நின்றது. சிரிப்பு நின்றதும் கண் திறந்தது. இறக்கையையும் அலகையும் கண்டாள். சிநேகிதியின் பச்சை விரல்களையும் கண்டாள். எழுந்து, வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பேர் சாத்தன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆசானின் கையிலிருந்து ஏடு நழுவிக் கீழே விழுந்தது. தூண் அடங்கியது, கூரை அடங்கியது, மண்டபமே அடங்கியது.

அந்த அமைதியில் வீரகேது இரண்டடி பின்னால் வைத்தான். பட்டு வேட்டியின் நுனியிலிருந்து நீளமாக ஒரு வால் வெளியே விழுந்தது. எலி வால்.

கருங்கோடன் வடிவின் காதருகே வந்து குனிந்தான். அவன் மூச்சு நாறியது. "எலி என்று ஒரே ஒரு தரம் சொல்லு பெண்ணே. மண்டபம் முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கும். உன் விரல் உடனே நேராகிவிடும்" என்றான்.

சொல்லலாமா என்று வடிவுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. நாக்கு நுனிவரை வந்தது. வீரகேதுவின் முகத்தைப் பார்த்தாள். அதில் சேனாதிபதி மகன் இல்லை. ஒரு பயந்த பிள்ளைதான் இருந்தது.

"எனக்கும் அவன் இதையேதான் சொன்னான்" என்று கருங்கோடனைக் காட்டி வீரகேது முணுமுணுத்தான். "வீட்டில அண்ணன்கள் என்னை எலின்னு கூப்பிட்டுச் சிரிப்பாங்க. வால் முளைச்சுது. இன்னொருத்தனைப் பார்த்து ஊர் சிரிச்சா உன் வால் குறையும்னு சொன்னான்."

"குறைஞ்சுதா?"

"இல்ல. வளர்ந்துகிட்டேதான் இருக்கு."

வடிவு மூச்சை இழுத்து விட்டாள். "உனக்கு வலிச்சது நிஜம். அதை நீ சாத்தன் தலையில கட்டினதும் நிஜம். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு, வீரகேது."

தன் பெயரை அவள் கேலியில்லாமல் சொன்னதைக் கேட்டதும் அவன் கண்ணில் நீர் வந்தது. சாத்தனின் முன்னால் போய் நின்றான். "சாத்தன்" என்றான். "நான் செஞ்சது தப்பு, சாத்தன்."

அவ்வளவுதான். இறகெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. அலகு போய் வாய் வந்தது, இறக்கை போய்க் கை வந்தது. வடிவின் விரலில் சவ்வு கரைந்தது. எலி வால் சருகாக முறிந்து விழுந்தது. கூண்டு படாரென்று வெடித்தது. மைனா ஒரு சிறுமியானது, அணில் ஒரு பையனானது, முயலும் ஆந்தையும் பிள்ளைகளாகிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தன. எந்தெந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ. பிறர் சிரிப்பைத் தின்றே வளர்ந்த கருங்கோடனுக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. ஒல்லியானான், புகையானான், இல்லாமலே போனான். கறுப்பு அங்கி மட்டும் தரையில் கிடந்தது.

ராஜா சேனாதிபதியைப் பார்த்தார். மூத்த பிள்ளைகள் எலி என்று கூப்பிட்டபோதெல்லாம் தானும் சேர்ந்து சிரித்ததைச் சேனாதிபதி சபையிலேயே ஒப்புக்கொண்டு தலைகுனிந்தார். ஆசான் எழுந்து, ஒரு பெண் வந்து சொல்லியும் நான் பார்க்கவில்லை, அவள் சொன்னது கோள் இல்லை, இனி எந்தப் பிள்ளை வந்து சொன்னாலும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

வீரகேது தன்னோடு சிநேகமாக இருப்பாயா என்று சாத்தனைக் கேட்டான். சாத்தன் யோசித்தான்.

"இன்னைக்கே முடியாது. ஆனா நாளையிலேருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. பார்ப்போம்."

பிறகு நிமிர்ந்து நின்று, தன் மலைநாட்டு இழுவையிலேயே, ஒப்பிக்க வந்த பாட்டை முழுக்கச் சொன்னான். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. ராஜாவே கை தட்டினார்.

அப்புறம் அவர் வடிவைக் கூப்பிட்டு, நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டார்.

"நான் வடிவு. பரிசல்காரி செல்லாயி மக" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள் வடிவு. தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்ட ராஜா, வேறென்ன வேண்டும் என்றார். கூண்டிலிருந்து வந்த பிள்ளைகளை அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றாள் அவள். அந்த வேலையை அவளுக்கும் அவள் அம்மாவுக்குமே கொடுத்தார் ராஜா.

பரிசல் ஆற்றோடு இறங்கிப் போயிற்று. செல்லாயி அதிகம் பேசுகிறவள் இல்லை. முதல் துறையில் மைனாவாக இருந்த சிறுமியை இறக்கிவிட்டபோது, அழுதுகொண்டு ஓடிவந்த தாயிடம், "இவதான் என் மக, வடிவு" என்றாள். அடுத்த துறையிலும் அதையேதான் சொன்னாள். அதற்கு அடுத்த துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், ஒன்றும் கேட்காமல் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். செல்லாயி பரிசலை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"இவதான் என் மக, வடிவு" என்றாள் அவரிடமும்.

அந்தப் பிள்ளைகள் வீடு சேர்ந்தார்கள். கதையும் கரை சேர்ந்தது.